பத்து நாள் கரண்ட்

மூணு வருஷமாக விட்டுவிட்டு வரும் இடுப்புவலி. போன மாசம் தண்ணி கேனைக் கவிழ்க்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர், “பயப்பட ஒண்ணுமில்ல, பத்து நாள் கரண்ட் வெச்சுக்குங்க” என்று பிசியோவுக்கு அனுப்பினார்.

குப்புறப் படுக்கவைத்து, ஈர ஸ்பாஞ்சோடு நாலு பேடு, மேலே ரப்பர் பெல்ட். குமிழைத் திருகத் திருக முதலில் எறும்பு ஊறும், அப்புறம் தடதடவென்று துடிக்கும். “இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா சார்?” பதினைந்து நிமிஷத்தில் டைமர் கத்தும். எழுந்து நடந்தால் சொர்க்கம். வீடு வந்து பைக்கை ஸ்டாண்ட் போடுவதற்குள் வலியும் வந்துவிடும்.

கரண்ட் டுபாக்கூர் என்று சொல்ல வரவில்லை. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது இல்லையா? தொடு உணர்வு முண்டியடித்து நுழையும்போது தண்டுவடத்தில் வலிக்கான கதவு சாத்திக்கொள்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். தோலில் பேடு ஒட்டி லேசான கரண்ட் விடும் டென்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருப்பது இந்த யோசனைதான். கிளினிக்கில் எனக்கு வைத்த நாலு பேடு கரண்டுக்குப் பெயர் ஐஎஃப்டி, டென்ஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ரோமானிய வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனையே நெற்றியில் வைக்கச் சொன்னாராம். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது.

ஆனால் நாள்பட்ட இடுப்புவலிக்கு? 1990இல் அமெரிக்காவில் 145 பேரை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நிஜ டென்ஸ், சிலருக்குக் கரண்டே வராத போலி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. உடற்பயிற்சி செய்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்தது. 2016இல் டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இடுப்புவலிக்கு டென்ஸ் கொடுக்காதீர்கள் என்றது. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்புவலிக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டது.

என் ஆத்திரம் மெஷின் மேல் இல்லை. பத்து நாளும் குப்புறப் படுத்திருந்தேன்; எப்படிக் குனியணும், எப்படி எழணும் என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி நாள் பில்லோடு சேர்த்து ஒரு ஜெராக்ஸ் தாள், அதில் நாலு பயிற்சிப் படம். வைத்தியமே அதுதான், அது கொசுறாகப் போனது!

ஆன்லைனில் மெஷின் ஆர்டர் போடுகிறவர்கள் போடுங்கள், அந்த நேர ஆறுதலுக்கு உதவலாம். பேஸ்மேக்கர் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அந்த 145 பேர் கதையில் இன்னொன்றும் உண்டு. சிகிச்சை முடிந்த இரண்டே மாதத்தில் பெரும்பாலானோர் பயிற்சியை விட்டுவிட்டார்கள், கிடைத்த பலனும் போய்விட்டது. எனக்கு இது மூன்றாவது வாரம். தாள் ஃப்ரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறது. நேற்று அதன் மேலேயே கேஸ் பில்லைச் செருகியிருக்கிறேன்.