வற்றாப்பளைப் பொங்கல் இரவு
முதல் முத்தத்தையும் இளமைக்காலக் கூட்டாளிகளையும் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்ததும் எனக்கு முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்தான் ஞாபகம் வந்தது. 1990களின் கடைசி. இலங்கையின் வடக்கே, போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் பாட்டுக் கேட்போம். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். அதைப் பார்க்கச் சனம் திரண்டிருந்த இரவில், நந்திக்கடல் களப்புப் பக்கமாக, கச்சான் (வேர்க்கடலை) கொறித்த வாயோடு அவள் தந்த முத்தம் அது. இருவருக்கும் இருபது வயது தாண்டியிருந்தது. இப்போது கனடாவில் பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள் என்று கேள்வி, சந்தோசம். ஆனால் அன்று எங்களுக்குக் காவல் நின்ற பெடியளில் இரண்டு பேர் 2009 இறுதிப் போரில் போய்விட்டார்கள். முத்தத்தைவிட அவர்களைத்தான் நான் அதிகம் தேடுகிறேன். அப்படியான கூட்டாளிகளைப் பற்றியும் தொடர்ந்து எழுதுங்கள்.