கலிபோர்னியாவில் வரி விகிதமா, மதிப்பீட்டு விதியா?
கலிபோர்னியப் பள்ளிகளின் நிதிப் பற்றாக்குறைக்குச் சொத்து வரி விகிதம் குறைவாக இருப்பதே காரணம் என்கிறது ஒரு கட்டுரை. விகிதத்தைவிட, வரிக்காகச் சொத்தின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் மதிப்பீட்டு விதியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1978இல் நேரடி வாக்கெடுப்பில் வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீத அளவில் நிறுத்தியதோடு, அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்றும், சொத்து கைமாறும்போதோ புதிதாகக் கட்டப்படும்போதோதான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு செய்யலாம் என்றும் விதித்தது. இதனால் ஒரே தெருவில், ஒரே அளவுள்ள வீட்டுக்கு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் சென்ற ஆண்டு வாங்கியவரைவிடப் பல மடங்கு குறைவாக வரி கட்டுகிறார். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு இது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். வணிக வளாகங்களுக்கும் அதே சலுகை எதற்கு? பெரிய வணிகச் சொத்துகளுக்கு அதை நீக்க முயன்ற 15ஆம் முன்மொழிவு 2020இல் தோற்றுப்போனது.

பள்ளிகளின் உள்ளூர் வருவாயில் விழும் குறையை, ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் (உள்ளூர்ப் பள்ளி நிர்வாகப் பகுதிக்கும்) எவ்வளவு நிதி வேண்டும் எனக் கணக்கிடும் ஒரு சூத்திரத்தின்படி மாநில அரசு ஈடுசெய்கிறது என்பது உண்மைதான். ஆனால் வசதியான பாலோ ஆல்டோ நகரைப் போல, சொத்து வரியே அச்சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும் பள்ளி மாவட்டங்கள் மிகுதியைத் தாமே வைத்துக்கொள்கின்றன. மற்றவையோ பெரிதும் வருமான வரியை நம்பியிருக்கும் மாநிலக் கருவூலத்தைச் சார்ந்திருப்பதால், 2008க்குப் பிந்தைய மந்தநிலையில் கடுமையான நிதி வெட்டுக்கு ஆளாயின.