முதல் மார்க் வாங்கினவளுக்கு என்ன கஷ்டமாம்

தேர்வில் முதல் மார்க் வாங்கிய ஒரு மாணவியின் பேட்டி வீடியோதான் நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அடுத்து என்ன டார்கெட்?" என்று மைக்கை நீட்டியதும் அந்தப் பிள்ளை உடைந்து அழுததே, அது கூடப் பரவாயில்லை, அதற்குக் கீழே வந்த கமெண்டுகளைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "சீன் போடுது." "முதல் மார்க் வாங்கினவளுக்கு என்ன ஸ்ட்ரெஸ்?" இதை எழுதியவர்களில் ஒருவர் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார். வாழ்க.

மார்க்கைப் பார்த்து ஒரு பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது. காய்ச்சலோடு ஓடி ஜெயித்தாலும் காய்ச்சல் காய்ச்சல்தான்.

நானும் அந்த முதல் பெஞ்சுதான். தேர்வுக் காலத்தில் மூன்று மணி நேரம் தூங்குவேன், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. யாரும் கேட்கவில்லை, மார்க்தான் வந்துகொண்டிருந்ததே. அப்புறம் ஒரு கணக்குத் தேர்வில், பத்துத் தடவை போட்டுப் பார்த்த கணக்கு, பேனாவைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதாக வந்தேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "முதல்ல யாரு?"

பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் கையும் கவனமும் கொஞ்சம் குடித்தவருடையதைப் போல ஆகிவிடும் என்று 1997லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது அரைப் போதையில் தேர்வு எழுதிவிட்டு அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

"அப்போ படிக்கவே வேண்டாமா?" என்று வருவீர்கள். எங்கே சொன்னேன்? கொஞ்சம் பதற்றம் நல்லதுதான், அளவு மீறினால்தான் கவிழ்த்துவிடும். 1908ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்துப் பார்த்த விஷயம் இது. சுண்டெலிக்கு ஷாக் கொடுக்கக்கூட ஓர் அளவு பார்த்தார்கள் ஐயா. நாலு தடவை வாசிப்பதை விட, ஒரு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடித் தன்னையே கேள்வி கேட்டுப் பார்த்தால் பாடம் அதிக நாள் நிற்கும். மிச்சமாகும் நேரத்தில் அந்தப் பிள்ளை போய் விளையாடட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?

"ஃபெயிலான பிள்ளையின் கஷ்டத்தை விடவா?" நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் அப்படி ஃபெயிலான ஒரு பையனிடம் போய் ஒரு வார்த்தை பேசினீர்கள்? இவளை வாய்மூட வைக்கத்தானே அவனை இழுக்கிறீர்கள்?

"எங்க காலத்துல நாங்கல்லாம்..." போங்கள் சார்.

அவளுக்காவது அழ வந்தது. நான் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், அந்தப் போட்டோ இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அப்பா அதைக் காட்டும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன்.

இன்று காலை அவரே போன் செய்தார். அந்த வீடியோவைப் பார்த்தாராம். "பாவம்மா அந்தப் பொண்ணு, தூங்கியே இருக்காது போல. வீட்டுல கவனிக்க மாட்டாங்களா?" என்றார்.

வேலை இருக்குப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன்.