மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பு: வயதானவருக்கும் உடனே ஆபரேஷனா?

"மூளை ரத்தக்குழாயில் புடைப்பு என்றால் எத்தனை வயதானாலும் உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் சில மாதங்களில் வெடித்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. எழுபது தாண்டியவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதால் கோபமும் வருகிறது.

அனியூரிசம் எனப்படும் இந்தப் புடைப்பு பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத்தான் தெரியவரும்.

2003இல் லான்செட் இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில், முன்பு ரத்தக்கசிவு வராதவர்களுக்கு, மூளையின் முன்பக்கக் குழாய்களில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்த புடைப்புகள் ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதே பகுதியில் 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் வெடிக்கும் வாய்ப்பு 40 சதவீதம். பின்பக்கக் குழாய்களில் சிறியதற்கும் ஆபத்து உண்டு. ஆக, அளவும் இடமும் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. வயது கூடக் கூட ஆபரேஷனின் ஆபத்தும் கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. செய்தி இதைச் சொல்வதே இல்லை.

சரி, அப்புறம் என்ன செய்வது? பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், புகைப்பழக்கத்தை விடுங்கள், டாக்டர் சொன்ன இடைவெளியில் ஸ்கேன் எடுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

திடீரென்று, இதுவரை வந்திராத கடும் தலைவலி வந்தாலோ, ஒரு கண் இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.