பெயரே தெரியாததை எப்படித் தேடுவது?

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை நடந்த பாராட்டு விழா வீடியோவை இங்கே பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். அதனால் என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதப் போவதில்லை. மேடையில் பேசியவர் பெயரையும் எழுத மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கைக்காசு போட்டுப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறவர், அது எனக்குத் தெரியும். ஆனால் மாலை போட்டு நிற்கவைத்த பெண்ணிடம் மைக்கை நீட்டி, "இவ்வளவு மார்க் வாங்கியிருக்கியே, ஏம்மா ஐஐடிக்கு எழுதல?" என்று கேட்டார். அது "ஜேஇஇன்னு ஒன்னு இருக்கறதே மார்ச்லதான் சார் தெரியும்" என்று சொன்னது. ஐஐடி மாதிரி கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வுதான் ஜேஇஇ. உடனே அவர் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாம் போன்லயே இருக்கு. தேடற ஆர்வம் வேணும்" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறவில்லை. அதைவிட, அந்த வீடியோவை "நச்சுன்னு சொன்னார்" என்று நீங்கள் பகிர்ந்தது ஆறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. யாரும் சொல்லவில்லை. தேட வேண்டும் என்றால் தேடுகிற பொருளின் பெயராவது தெரிய வேண்டும். பெயரே தெரியாததை எந்த போனில், என்ன என்று அடித்துத் தேடுவது?

நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன், பலருக்குத் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அப்ளிகேஷன் போடுவதுதான் மே, ஜூன் மாதங்களில் என் வேலை. தறிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வரும். அம்மா ஒரு பக்கம் நிற்பார், பிள்ளை ஒரு பக்கம் நிற்கும், பிளாஸ்டிக் கவருக்குள் எல்லாச் சர்டிபிகேட்டும் இருக்கும். "ரிசல்ட் வந்துருச்சுங்க தம்பி, இனி எதெதுக்குப் போடோணுமோ அதெல்லாம் போட்டுக் குடுங்க" என்பார்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ரிசல்ட் வரும், அப்புறம் அப்ளிகேஷன் போடுவோம், அப்புறம் கவுன்சிலிங். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் கலைக் கல்லூரிக்கும் அது சரிதான். அதைத்தான் நம் அண்ணன்மார்களும் அக்காமார்களும் செய்தார்கள், அதைத்தான் பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள்.

ஆனால் 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச் 3இல் தொடங்கி 25இல் முடிந்தது. ரிசல்ட் மே 8. ஜேஇஇ மெயின் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்குப் பிப்ரவரியில் முடிந்தது. நீட் விண்ணப்பம் மார்ச் 7 வரை, அதாவது பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே. நீட் தேர்வு மே 4, ரிசல்ட் வருவதற்கு நாலு நாள் முன்னால். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் விண்ணப்பமும் அதே மார்ச்சில் திறந்து அதே மார்ச்சில் மூடிவிட்டார்கள். திருவாரூரில் நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வழி. ஜேஇஇ மெயின் எழுதித் தேறினவர்கள், ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் மே 2. ஆக, அம்மாவும் பொண்ணும் பிளாஸ்டிக் கவரோடு என் கடைக்கு வந்து நிற்கும்போது இந்தக் கதவெல்லாம் மூடியாகிவிட்டது. ரிசல்ட்டுக்கு மறுநாளே ஓடி வந்திருந்தாலும் இதே கதிதான்.

இதில் எங்கே வந்தது ஆர்வக் குறைவு?

அந்தப் பெண்ணுக்கு 600க்கு 578. கணக்கில் 100. அரசுப் பெண்கள் பள்ளி, தமிழ் வழி. ஜேஇஇ என்ற பேரை அது முதன்முதலில் கேட்டது பரீட்சை சென்டரில், வேறு பள்ளியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம். "நீ மெயின்ஸ் எழுதலையா?" என்று பக்கத்துப் பெண் கேட்டிருக்கிறாள். நம் பெண்ணோ, பிளஸ் டூ மெயின் பரீட்சையைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறது. சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணா, ஜேஇஇன்னா என்னங்ணா?" என்று கேட்டது. கேள்விப்பட்ட அன்றைக்கே வந்து கேட்டது. அப்போதே இரண்டாவது சுற்றும் முடிந்துபோயிருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்த மேடையில் யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு இன்ஜினியரிங்கே ஆசை இல்லை. "கணக்கு மட்டும் படிக்கற மாதிரி பெரிய காலேஜ் இருக்குங்களாண்ணா?" என்று என்னிடம் கேட்டது. இருக்கிறது, கண்ணு. சென்னைக்குப் பக்கத்திலேயே சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. திருப்பதியில் ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, தனித்தனி விண்ணப்பம். எல்லாமே ரிசல்ட்டுக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் ஒரு பெண், கணக்கு ஒன்றே போதும் என்று நினைக்கும் ஒரு பெண், சிறுசேரி என்ற ஊரை ஐடி கம்பெனிகள் இருக்கும் இடம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறது. இந்தப் பெயர்களைப் பள்ளியில் யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் அது தேடியிருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"போன்லயே இருக்கு" என்கிறீர்களே, எந்த போன்? அந்த வீட்டில் போன் ஒன்று. அது அப்பாவோடு தறிக்குப் போகும். ராத்திரி ஷிப்ட் என்றால் காலையில்தான் வீட்டுக்கு வரும். அப்ளிகேஷனுக்கு ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். தறி ஓடுகிற சத்தத்தில் ரிங் கேட்காது. போன் எடுத்து ஓடிபியைச் சொல்வதற்குள் நேரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இனிஷியல். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், அந்த இணையதளங்களோ முழுப் பெயர் கேட்கும். போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பும். இதெல்லாம் முடிந்து ஃபீஸ் கட்ட வேண்டும். 2025இல் ஜேஇஇ மெயினுக்குப் பொதுப் பிரிவு ஆண் என்றால் ஆயிரம் ரூபாய், பெண் என்றால் 800. நீட் 1,700, ஓபிசி என்கிற மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு 1,600. நாலு தேர்வுக்குப் போட்டால் ஒரு தறி வீட்டின் வாரக் கூலி போய்விடும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றுக்கு அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்க அந்த அப்பாவிடம் யாராவது முன்கூட்டியே பேசியிருக்க வேண்டாமா?

அப்புறம் ஓபிசி சான்றிதழ். நம் ஊரில் பிசி, எம்பிசி என்று லேமினேட் செய்து வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. தாசில்தாரிடம் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவையில் போட்டு, விஏஓ பார்த்து, ஆர்ஐ பார்த்து, தாசில்தாரிடம் போக வேண்டும். போன வருடம் வாங்கியதைக் கொண்டுவந்து, "இதான் இருக்கேண்ணா" என்று நிற்கிற பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது? உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாது என்றால் உங்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் மைக் பிடித்துச் சொல்லட்டுமா?

இப்போது சிலர் கமெண்டில் வருவீர்கள். "அரசாங்கம் நான் முதல்வன் திட்டம் வைத்திருக்கிறதே, வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறதே" என்பீர்கள். நடத்துகிறது. நல்ல திட்டம். அதனால் ஐஐடிக்கும் என்ஐடிக்கும் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் படிப்புச் செலவை மாநில அரசு ஏற்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொண்டுசேர்க்க வேண்டிய ஆசிரியர் அதே நேரத்தில் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு செய்கிறார், பிராக்டிகல் நடத்துகிறார், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் திருத்துகிறார். அவர் ஒரு நாள் பிரேயரில் அறிவித்துவிட்டுப் போவார். அன்றைக்கு லீவு போட்ட பிள்ளைக்கு அதோடு முடிந்தது.

"தனியார் பள்ளிப் பிள்ளைகளும் கஷ்டப்பட்டுத்தான் படிக்கிறார்கள்" என்பீர்கள். இல்லை என்று யார் சொன்னது?

"கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமே, போதாதா?" என்றும் ஒருவர் கேட்டுவிட்டார். இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். கணக்கு, இயற்பியல், வேதியியல் சேர்த்து அந்தப் பெண்ணின் கட்-ஆஃப் 197.5. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. நல்ல கல்லூரி கிடைக்கும், கல்விக் கட்டணமும் ஹாஸ்டலும் அரசே பார்த்துக்கொள்ளும். 2006இல் நம் மாநிலம் நுழைவுத் தேர்வை எடுத்ததும், 2021இல் இந்த ஒதுக்கீட்டை இன்ஜினியரிங்குக்கும் கொண்டுவந்ததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று என் கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு "இது போதும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? உங்கள் பையன் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுக்கான பவுண்டேஷன் கோர்ஸ் போகிறான். தப்பான பதிலுக்கு மார்க்கைக் குறைக்கிற நெகட்டிவ் மார்க் என்றால் என்ன என்று அவனுக்குப் பதினாலு வயதிலேயே தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கோ எதையும் விடாதே, தெரிந்ததை எழுதிவை, அரை மார்க்காவது கிடைக்கும் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எது போதும், எது போதாது என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். முடிவு செய்வதற்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பிளஸ் டூ முடித்தது அவள்தான். மாடு, ஆடு என்றால் அவளுக்கு உயிர். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நாமக்கல்லிலேயே கால்நடைக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் காட்டுவாள். மார்க்கும் வந்தது. ஆனால் எல்லாத் தொழிற்படிப்புக்கும் ஒரே அப்ளிகேஷன் என்று யாரோ சொன்னதை வீடே நம்பியது. கால்நடைக்குத் தனி அப்ளிகேஷன் என்பது தெரிய வந்தபோது தேதி முடிந்திருந்தது. எங்கள் அப்பா அந்தக் கல்லூரி வாசல் வரை போய், கேட்டிலேயே கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது அக்கா ஊரில் யார் வீட்டு மாட்டுக்கு மடி வீங்கினாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை வீடியோவை அவளும் பார்த்தாள். "அந்தாளு கேட்டது எங்கிட்ட கேட்ட மாதிரியே இருந்துச்சுடா" என்றாள். ஆர்வம் இல்லை என்று என் அக்காவைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

கடைசியாக ஒரு நண்பர், "அப்ளிகேஷன் போட்டு நீ காசு பார்க்கிறாய், அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்" என்று எழுதியிருக்கிறார். ஒரு அப்ளிகேஷனுக்கு எழுபது ரூபாய் வாங்குகிறேன், அது என் பிழைப்பு. பிரிண்ட் எடுக்கும் காகிதமும் கரண்டும் அதில்தான். இதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஓடிபி வராமல் ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு பிள்ளையோடு தறிக்கூடம் வரை போய் அவள் அப்பா போனை வாங்கி எண் பார்த்துத் திரும்பிய மனிதனைப் பார்த்து எழுதுகிற வார்த்தையா அது? நீங்கள் எனக்கு ரொம்ப நாள் நண்பர். வலிக்கிறது.

மேடையில் பேசியவர் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் சார். பாராட்டு விழாவை ஜூனில் வைக்காதீர்கள். அதே பணத்தை, அதே மண்டபத்தை, அதே மைக்கை அக்டோபரில் கொடுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளையும் அவர்கள் அம்மா அப்பாவையும் கூட்டுங்கள், தறிக்கு லீவு உள்ள நாளாகப் பார்த்து வையுங்கள். எந்தத் தேர்வு, என்ன படிப்பு, எந்தத் தேதி, என்ன சர்டிபிகேட் என்று விவரம் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் நான் கொண்டுவருகிறேன், அன்றைக்கு ஒரு பைசா வாங்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தங்கச்சி ஒன்று இருக்கிறது, இப்போது பதினொன்றாவது. அதற்கு உயிரியலில் ஆசை. அது போன வாரமே வந்து ஐசர் விவரம் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டது.