லேண்ட்சீரை வெறும் நாய்ப்பட ஓவியர்னு ஒதுக்கறவங்களுக்கு

19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஓவியர் எட்வின் லேண்ட்சீர் பேரை எடுத்தாலே "ஓ, விக்டோரியா மகாராணிக்கு நாய்ப்படம் போட்டுக் குடுத்தவரா"ன்னு ஒரு இளக்காரம் வந்துடுது, ஓவியம் பத்தி நல்லா தெரிஞ்சவங்க கிட்டயே. எனக்கு அதுல துளிகூட உடன்பாடு கிடையாது.

1837ல வரைஞ்சது ஒண்ணு, செத்துப்போன ஆட்டுக்காரரோட சவப்பெட்டி மேல நாய் தலைய வெச்சிருக்கும், லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, ஆன்லைன்லயே ஜூம் பண்ணிப் பாக்கலாம். நாய் மூஞ்சில கண்ணீரெல்லாம் வரையல மனுஷன். நெஞ்ச அந்தச் சவப்பெட்டிப் பலகையோட ஒட்டி அழுத்திட்டு இருக்கு, முன்னங்கால் இழுத்த இழுப்புல போர்வை சரிஞ்சு கிடக்கு, பக்கத்துல மூடி வெச்ச பைபிள், அது மேல மூக்குக்கண்ணாடி, தரையில தொப்பியும் கைத்தடியும். ஆளுங்க யாருமே இல்ல. அழறதுக்கு அந்தக் கிழவருக்கு வேற நாதியில்லங்கறத இதைவிட எப்படிங்க சொல்றது? அந்தக் காலத்துப் பெரிய கலை விமர்சகர் ஜான் ரஸ்கினே இந்தப் படத்த அவ்ளோ உசத்தி எழுதியிருக்கார்.

இவ்ளோ பாசமா வரைஞ்சவர் ஸ்காட்லாந்து மலைக்காட்டுல வேட்டையாடினவரும்கூட. 1844ல ஈட்டி முனையில துடிக்கற நீர்நாய், கீழ அத கவ்வ எகிறிக் குதிக்கற வேட்டை நாய்க் கூட்டம்னு ஒரு படம் போட்டார், என்னால ரொம்ப நேரம் பாக்க முடியல. ஆனா அதுவும் நேர்மையான படம்தான், வேட்டைன்னா என்னன்னு எதையும் மறைக்கல.

13 வயசுலயே லண்டன்ல ராயல் அகாடமிங்கற கலைக்கழகத்தோட கண்காட்சியில படம் வெச்சவர். 1840ல மனநலம் குலைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் குடி, மனச்சோர்வு, கடைசில 1872ல குடும்பத்தாரே கேட்டு, புத்தி பேதலிச்சவர்னு அறிவிக்க வேண்டியதாச்சு. அடுத்த வருஷம் போயிட்டார். அந்தக் குடிக்கும் மனச்சோர்வுக்கும் நடுவுலதான் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து நாலு சிங்கச் சிலையையும் 1867ல முடிச்சுக் குடுத்தார்ங்கறத யாரும் யோசிக்கறதில்ல.

எனக்கு அவரோட உச்சம்னா 1864ல வந்த துருவக்கரடிப் படம்தான். 1845ல ஜான் ஃபிராங்க்ளின்ங்கற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தலைமையில ஆர்க்டிக் போன கப்பல் ரெண்டு, அதுல போன 129 பேர்ல ஒருத்தர்கூட திரும்பல. நாடே அவங்கள வீரர்களா கொண்டாடிட்டிருந்த நேரத்துல இவர் பனிக்கட்டி, முறிஞ்ச பாய்மரம், கொடியக் கிழிக்கற ஒரு கரடி, மனுஷ விலா எலும்பக் கடிக்கற இன்னொரு கரடின்னு வரைஞ்சு வெச்சார். அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்! அந்தப் படம் இப்ப மாட்டியிருக்கற இங்கிலாந்து ராயல் ஹாலோவே காலேஜ்ல பரீட்சை நேரத்துல இன்னிக்கும் அத பிரிட்டிஷ் கொடியால மூடிடறாங்க, பாத்தா ஃபெயில் ஆயிடுவோம்னு பசங்களுக்கு அவ்ளோ பயம்.