கட்டுமானப் பாடம் தாளிலிருந்து தொடங்கலாமா?

பி.ஆர்க் என்னும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளில், கட்டுமானப் பொருட்களையும் கட்டுமான முறைகளையும் பற்றிய பாடம் பருவந்தோறும் ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. செங்கல் கட்டில் தொடங்கி மரக்கதவு, ஜன்னல், படிக்கட்டு, கான்கிரீட், எஃகு என்று நகரும் இந்தப் பாடத்தை நாம் பெரும்பாலும் வரைபடப் பாடமாகவே நடத்துகிறோம். ஆசிரியர் பலகையில் வரைகிறார் அல்லது திரையில் காட்டுகிறார். மாணவர் அதைத் தாளில் பிரதி எடுக்கிறார். கோட்டின் சுத்தத்துக்கும் எழுத்தின் அழகுக்கும் மதிப்பெண் விழுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது இப்பாடத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்து. வரைபடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளின் அளவும் எடையும், அது தண்ணீரிடம் நடந்துகொள்ளும் விதமும், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதும் ஓரளவு பிடிபட்ட பிறகே மாணவர் பென்சிலை எடுக்க வேண்டும் என்கிறேன்.

செங்கல் கட்டையே எடுத்துக்கொள்வோம். கற்களை ஒரு வரி நீளவாக்கிலும் அடுத்த வரி குறுக்குவாக்கிலும் அடுக்கும் இங்கிலிஷ் பாண்டில் மூலைக்கல்லுக்கு அடுத்து, நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குயின் க்ளோசர் வர வேண்டும் என்பதை முதலாண்டு மாணவர்கள் பிழையின்றி வரைந்துவிடுகிறார்கள். அவர்களிடமே ஒரு சூளைச் செங்கல்லையும் கரணையையும் கொடுத்துப் பிளக்கச் சொன்னால், கல் பெரும்பாலும் துண்டுதுண்டாகச் சிதறும். கொத்தனார் அந்த இடத்தில் ஏன் வேறு வழி தேடுகிறார் என்பது அப்போதுதான் விளங்கும். நூலில் 190 × 90 × 90 மி.மீ. என்று இருக்கும் செங்கல், நம் ஊர் லாரியிலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 230 × 110 × 75 மி.மீ. ஆக இருக்கிறது, அதிலும் கல்லுக்குக் கல் வித்தியாசம். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய, சுவருக்குள் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) முறையை இந்த அளவை வைத்தே விளக்கலாம். 230 மி.மீ. சுவரில் கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் குத்தவைத்தால் இருபுறமும் 75 மி.மீ. போக நடுவே 80 மி.மீ. வெற்றிடம் மிஞ்சுகிறது, செங்கல் தேவை சுமார் கால்பங்கு குறைகிறது. ஆனால் கல் சீராக இல்லாவிட்டால் சுவரின் ஒரு முகம் மேடுபள்ளமாகிவிடும் என்பதால், கல் பொறுக்குவதே அங்கே தனி வேலையாகிறது. இதை எந்தத் தாளும் காட்டுவதில்லை.

கான்கிரீட்டில் இந்தக் குறை ஆபத்தாகவே மாறுகிறது. கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே விடவேண்டிய கவர், மாணவரின் வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடம் மட்டுமே. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 அதைக் கடுமையற்ற சூழலில் 20 மி.மீ. என்றும் கடலோரச் சூழலில் 45 மி.மீ. என்றும் வரையறுக்கிறது. வேலைத்தளத்திலோ, அந்த இடைவெளியைக் காக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்து, அதன்மேல் ஆட்கள் நடந்து நடந்து, கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கிடக்கும் நிலையில் கான்கிரீட் கொட்டப்படுவதுண்டு. கடற்கரையோர அடுக்ககங்களின் பால்கனி அடியில் காரை பெயர்ந்து துருவேறிய கம்பி தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரே கலவையில் ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் விட்டு, 150 மி.மீ. கனசதுரங்கள் இரண்டை வார்த்து 28-ஆம் நாளில் நசுக்கிப் பார்த்தால், நீர்–சிமெண்ட் விகிதத்தைப் பற்றி அதன்பின் விரிவுரை எதுவும் தேவைப்படாது. அந்த இயந்திரம் பல வளாகங்களில் பக்கத்துக் கட்டடத்தில், சிவில் துறையில்தான் இருக்கிறது. நம் மாணவர்கள் அங்கே போவதில்லை, நாமும் அனுப்புவதில்லை.

இதற்கு மாற்றாக இப்போது மூன்று நாள் மண் பட்டறைகள் பரவியிருக்கின்றன. அவற்றின் மீதும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாணவர்கள் சேற்றை மிதிக்கிறார்கள், ஓர் இருக்கை கட்டுகிறார்கள், படங்கள் வெளியாகின்றன. அடுத்த மழைக்குப் பின் அந்த இருக்கை என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பல ஆண்டுகளாகச் செய்துவரும் அழுத்திய மண்கல்லில் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்ட் சேர்கிறது. அந்தக் கல்லை நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். மூன்று நாளில் முடியும் பட்டறைக்குள் இந்த நான்கு வாரம் எப்படி அடங்கும்?

ஒரே ஒரு கூரையை வைத்து ஒரு பருவம் முழுவதையும் நடத்தச் சொன்னால் நான் மெட்ராஸ் டெரஸைத்தான் தேர்ந்தெடுப்பேன். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். தேக்கு விட்டங்களின் மேல், 150 × 75 × 25 மி.மீ. அளவுள்ள சிறு கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தவைத்து, மூலையிலிருந்து குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பற்றிக்கொண்டு நிற்பதால் கீழே பலகையடிக்க வேண்டியதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். மரத்தின் இடைவெளி ஏன் அவ்வளவு, கல் ஏன் அவ்வளவு சிறியது, சுண்ணாம்பு ஏன் மெதுவாக இறுகுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, விட்டத்தின் சுவருக்குள் புதைந்த முனை ஏன் முதலில் உளுத்துப்போகிறது என்று ஒவ்வொரு கேள்வியும் அடுத்ததை இழுத்துவரும். இத்தனைக்கும் பிறகு அதன் வெட்டுத்தோற்றத்தை வரையும் மாணவர், எந்தக் கோடு எதற்கென்று தெரிந்தே வரைவார்.

இதையெல்லாம் ஆசிரியர் தனியாக நடத்திவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் கரணை பிடித்ததில்லை. மேஸ்திரியை ஒரு பிற்பகலுக்கு அழைத்து, செய்துகாட்டச் சொல்லி, சால்வை போர்த்தி அனுப்புவது அவரைக் காட்சிப்பொருளாக்குவது. வருகைதரு விரிவுரையாளருக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் கொடுத்து, பருவம் முழுவதும் அவரை வகுப்பில் வைத்திருக்க வேண்டும். கல்வித்தகுதி விதிகள் குறுக்கே நிற்கும், நிர்வாகங்கள் தயங்கும், அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் கல்லூரிக்கு அருகில் நடக்கும் ஒரு வீட்டுவேலையை, அடித்தளத்துக்கு வானம் பறிப்பதிலிருந்து பூச்சு முடியும்வரை, வாரம் ஒருமுறை சென்று பார்த்து மாணவர் எழுதும் குறிப்பேட்டுக்கு, இப்போது வரைபடத் தாள்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை மாற்றிவிடுவதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. உள்மதிப்பீடு பெரும்பாலும் பாட ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.